அக்காவின் அறையில் இருபத்தேழு பாகை

2006 தை மாதம், மொன்றியால் லாசாலில் அறைச் சூட்டைச் சீராக்கும் புதிய தெர்மோஸ்டாட்டைப் பூட்டியபோது வீட்டில் இருந்தவர்கள் நானும் மனைவி அக்னெஸும் மருமகன் றெக்ஸும் மட்டுமே. இறந்தவரின் அறையை முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன் எவருக்கும் கொடுப்பது எங்கள் குடும்பத்துக்கு இழுக்கு. ஆகவே அண்மையில் இறந்த என் அக்காவின் வெற்றறைக்குப் பன்னிரண்டு பாகை போதும் என்று றெக்ஸ் பதிந்தான். காலையில் அது இருபத்தேழு காட்டியது.

"மாமா, அந்த அறைக்குக் கரண்டையே நிப்பாட்டிப் பாத்தன். சூடு குறையேல்லை," என்றான்.

"மச்சாளுக்கு எப்பவும் குளிர்தானே. விடுங்கோ," என்று அக்னெஸ் கதவைச் சாத்தினாள்.

தெருவில் மற்ற யன்னல்களெல்லாம் உறைந்திருக்க, அந்த யன்னல் மட்டும் உள்ளே வியர்த்திருந்தது. அதைப் பார்த்தவர்கள், பூசைக்கு முன்பே அறையை வாடகைக்கு விட்டுவிட்டோம் என்று கோவிலில் கதைக்கிறார்கள்.

அது பொய். அந்த அறையில் வெளியார் எவரும் இல்லை.