இங்கர்சாலுக்கு உடம்பு சரியில்லை

தோல் நோய் எதுவும் இப்படி நேர்கோட்டில் வராது என்றார் டாக்டர் கெல்லி.

மேசைமேல் இங்கர்சால் அசையாமல் கிடந்தது. தலைக்குக் கொஞ்சம் பின்னால், குறுக்காக மூன்று கோடுகள். கோடு போன வழியெல்லாம் செதில்கள் பழுத்து, உப்பி, ஓரம் பிய்ந்திருந்தன. நடுக்கோட்டின் மத்தியில் வட்டமாக ஒரு சிவந்த புண்.

யாரோ வரைந்து வைத்தது மாதிரி இருக்கிறது என்று டாக்டர் வியந்தார். சன்னிவேலில் இத்தனை பாம்புக்கு வைத்தியம் பார்த்தும் இப்படி ஒன்றைக் கண்டதில்லையாம்.

அறையில் இருந்த மற்ற மூவரும் சாமி படத்து நெற்றியில் தினம் தினம் கண்டதுதான்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

கேமராவைப் பிடித்திருந்தவள் வெண்பா, பதினோராம் வகுப்பு. அவள் அப்பா நஞ்சுண்டன் விரிகுடாப் பகுத்தறிவு வட்டத்தின் தலைவர். வட்டத்தின் சேனலுக்குப் படம் எடுத்துக் கொடுத்தால் அவள் பள்ளியில் காட்ட வேண்டிய வாலண்டியர் அவர்ஸில் சேரும். இன்றைய எபிசோடுக்குக் காரில் வரும்போதே தலைப்பு வைத்துவிட்டார்: ‘பாம்பை வணங்காதே, வைத்தியம் பார்.’

இங்கர்சால் என்பது ஒரு பழைய அமெரிக்க நாத்திகரின் பெயர். அதைப் பாம்புக்குச் சூட்டிய அன்று வட்டத்தில் கேக் வெட்டினார்கள். உங்களுக்கே சிவன் பெயர்தானே என்று கேட்பவர்களிடம், அது என் அப்பா செய்த பிழை, இது நான் செய்த திருத்தம் என்பார் நஞ்சுண்டன்.

கொள்கையில் கறாரான மனிதர். மனைவி வசந்தாமணியை மாதம் ஒருமுறை லிவர்மோர் கோயிலுக்குக் கூட்டிப்போவார். காரைவிட்டு இறங்க மாட்டார். புளியோதரை மட்டும் பார்க்கிங்குக்கு வந்து சேரும்.

அந்த வசந்தாமணி கதவை ஒட்டிய நாற்காலியில், கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாம்பு வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிறது. கண்ணாடித் தொட்டியின் மூடியைக்கூட அவள் தொட்டதில்லை.

ஏதாவது பவுடரைத் தண்ணீரில் குழைத்துப் பூசினீர்களா என்று கேட்டார் டாக்டர். ஒருநாள் பூசியதல்ல, பலநாள் பூசியது. செதிலுக்கு அடியில் ஈரம் தங்கித் தங்கிக் கிருமி பிடித்திருக்கிறது.

டாக்டர் வாயிலிருந்தே வார்த்தையைப் பிடுங்கி விளக்கம் சொல்லும் நஞ்சுண்டன், சுவரில் இருந்த ஆமை எலும்புக்கூட்டுப் படத்தை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார். கழுத்தோரம் வேர்த்திருந்தது.

வசந்தாமணிக்குப் பழனி விபூதி நினைவுக்கு வந்தது. சாமி அலமாரியில் டப்பா வேகமாகக் காலியாகிறதே, கை தவறிக் கொட்டுகிறோமோ என்று இதுவரை தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

சாமி அலமாரி சமையலறையில் இருக்கிறது, அவள் கண்ணெதிரே. இங்கர்சால் இருப்பது அவருடைய ஆபீஸ் அறையில். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே அவரும் அதுவும் மட்டும்தான்.

கொஞ்ச நாளாகவே கதவு சாத்தித்தான் இருந்தது. கம்பெனி ஷட்டில் பஸ் தெருமுக்கில் வந்து நிற்பதும், இவர் ஏறாமலே அது போவதும் அவளுக்கு ஜன்னலில் தெரியும். வொர்க் ஃப்ரம் ஹோம் என்று சொல்லியிருந்தார்.

வெண்பா கேமராவை அப்பா பக்கம் திருப்பினாள்.

“ஐ ஒன்லி, டாக்டர்,” என்றாள் வசந்தாமணி. பிறகு புருஷனைப் பார்க்காமல், “நாந்தானுங்க. தெனமும் வெச்சு உட்டேன்.”

“பட் அம்மா, யூ டோன்ட் ஈவன்…” என்று ஆரம்பித்த வெண்பா, அம்மா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினாள்.

நஞ்சுண்டன் ஆமையை விட்டுத் திரும்பினார். முதலில் மனைவியைப் பார்த்தார். அப்புறம் கேமராவை.

“தோழர்களே, மூடநம்பிக்கையைத் தேடி எங்கும் போக வேண்டாம். அது நம் சமையலறையில்தான் இருக்கிறது.”

‘தோழர்களே’வில் குரல் லேசாகப் பிசிறியது. ‘சமையலறை’ வருவதற்குள் சரியாகிவிட்டது. மேற்கொண்டு அறிவியல் மனப்பான்மை பற்றி நாலு வார்த்தை பேசினார். நன்றாகவே பேசினார்.

டாக்டர் கெல்லிக்கு வசந்தாமணியைப் பிடித்துப்போயிற்று. தப்பை ஒத்துக்கொள்கிறவர்கள் அபூர்வம் என்றார். இனி எதுவும் பூசக்கூடாது. தொட்டியில் ஈரமில்லாத காகிதம் விரிக்க வேண்டும். மருந்துத் தண்ணீரில் ஊற வைத்து, துடைத்து, களிம்பு போட வேண்டும். தினமும் நீங்கள்தானே தொடுகிறீர்கள், உங்களிடம்தான் சாதுவாக இருக்கும், வாருங்கள், காட்டித் தருகிறேன்.

கையுறையை நீட்டினார். பின்னாலேயே பாம்பையும்.

வசந்தாமணி எழுந்தாள். நஞ்சுண்டனின் கை தானாக முன்னால் வந்தது; கேமரா நினைவு வந்து பாதியில் நின்றது.

அவள் வாங்கிக்கொண்டாள்.

வழவழவென்று இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கையுறை முடிந்த இடத்துக்கு மேலே வால் வந்து சுற்றியபோது, காய்ந்து, சில்லென்று, அவருடைய பெல்ட் மாதிரிதான் இருந்தது. புண் வாடையோடு சேர்ந்து பழனி விபூதி மணத்தது.

டாக்டர் களிம்பைத் தொட்டு முதல் கோட்டில் வைத்தார். இரண்டாவதை வசந்தாமணி வைத்தாள். புருஷன் விரல் போன வழியிலேயே, இடமிருந்து வலமாக.

“வேலை போயி எத்தன நாளாச்சுங்க?” என்றாள், பாம்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

டாக்டர் சிரித்தார். பாம்புக்கு அவ்வளவாகக் காது கேட்காது, ஆனாலும் பேசுங்கள், நல்லதுதான் என்றார்.

நஞ்சுண்டன் மறுபடி ஆமைப் பக்கம் திரும்பியிருந்தார்.

வெண்பாவுக்குத் தமிழ் பேசத்தான் வராது. கேமராவை யாரும் சொல்லாமலே அணைத்தாள்.