தளபதியைக் காப்பாற்றியவன்

“எனக்கு ஏலாது சேகர் அண்ணை. நாப்பது சனத்துக்கு முன்னால மைக் பிடிச்சுக் கதைக்கச் சொன்னா எனக்கு நாக்குக் குழறும்.”

“நீ மொஸ்கோவில ஆறு வருஷம் இஞ்சினியரிங் படிச்சனி. படத்தை நீ தமிழில சொல்லாட்டி ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. சனம் வடையைத் திண்டிட்டு எழும்பிப் போயிடும்” என்றபடி சேகர், கிறிஸ்துராஜாவின் கையில் மைக்கைத் திணித்தார்.

1988, மாசி மாதத்து ஞாயிறு மதியம். ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு எடுத்த மண்டபம். போர் நடந்த யாழ்ப்பாணத்து ஊரிலிருந்து வரும் கடிதம் எதையும் பயமில்லாமல் பிரிக்க முடியாத காலம் அது. சனம் இரண்டு மணி நேரமாவது வேறு எதையாவது பார்க்கட்டும் என்றுதான், புலம்பெயர்ந்த தமிழருக்கு நலன்புரிச் சங்கம் நடத்திய சேகர் அந்தப் பழைய சோவியத் படத்தை எங்கேயோ தேடிப் பிடித்திருந்தார். ரஷ்ய உள்நாட்டுப் போரில் குதிரைப்படை நடத்திய ஒரு தளபதியின் கதை. கறுப்பு வெள்ளை. அடியில் ஆங்கில எழுத்துக்கூட ஓடவில்லை.

விளக்கு அணைந்தது. திரையில் பெரிய மீசைக்காரத் தளபதி சமையற்காரனைப் பார்த்து ஒரு நிமிடம் கத்தினார்.

“தளபதி சமையற்காரரைக் கண்டிக்கிறார்” என்றான் கிறிஸ்துராஜா, செய்தி வாசிப்பவன் போல.

“என்ன தம்பி, அந்த மனுசன் இவ்வளவு நேரம் கத்துறான். நீர் மூண்டே மூண்டு சொல்லில முடிச்சிட்டீர்?”

முன் வரிசையிலிருந்து கேட்டவர் தவநாயகி. நோர்பரியிலிருந்து அன்றுதான் முதல் தடவையாகச் சங்கத்துக்கு வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவனுக்கு முன்பின் தெரியாதவர். மண்டபம் சிரித்தது. கிறிஸ்துராஜாவுக்கு ரோசம் வந்துவிட்டது. தளபதியாகவே மாறி மைக்கில் கத்தினான்.

“எடேய், இது சூப்போ, குதிரை குளிச்ச தண்ணியோ? இதைக் குடிச்சிட்டு என்ர பெடியள் சண்டைக்குப் போறதோ, கக்கூசுக்கு ஓடுறதோ?”

இப்போது மண்டபம் வெடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. தளபதி யாழ்ப்பாணத் தமிழில் குதிரையைக் கொஞ்சினார், மனைவிக்குப் பயந்தார், மேலதிகாரியைப் பின்னால் நின்று திட்டினார். ‘எங்கட ஆள்’ என்று சனம் அவரைச் சொந்தமாக்கிக்கொண்டது.

சுருள் மாற்ற விளக்குப் போட்டார்கள். கிறிஸ்துராஜா சேகரை மூலைக்கு இழுத்தான்.

“அண்ணை, ஒரு பிரச்சினை. கடைசியில தளபதி செத்துப்போவார்.”

“என்னடா சொல்லுறாய்?” சேகரின் முகம் கறுத்தது. “அந்தச் சனத்தைப் பார். எத்தினை மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் பல்லுத் தெரியச் சிரிக்குதுகள். செத்தவீட்டுச் செய்தி நாங்கள் ஊரிலயிருந்து ஒவ்வொரு நாளும் கேக்கிறம். இதிலயும் வேணுமோ?”

“படத்தில சாகிறார். நான் என்ன செய்ய?”

“படத்தில எப்படியும் சாகட்டும். நீ சாக விடாதை.”

“பூசைக்குப் போயிட்டு வந்த கையோட என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியள்.”

“அடுத்த கிழமை சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய். இப்ப போ.”

படம் மறுபடி ஓடியது. எதிரிப் படை துரத்துகிறது. காயம்பட்ட தன் வீரர்கள் தப்பட்டும் என்று, தளபதி தனியாக உறைந்த ஏரியின்மேல் குதிரையை விடுகிறார். எதிரிகள் அவர் பின்னாலே போகிறார்கள். நடு ஏரியில் பனிக்கட்டி பிளந்தது. பிறகு திரையில் கறுப்புத் தண்ணீரும் மிதக்கிற தொப்பியும்தான்.

கிறிஸ்துராஜா மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

“தொப்பி மட்டும்தான் விழுந்தது. ஆள் அந்தக் கரைக்குப் போயிட்டார். இருட்டில எங்களுக்குத் தெரியேல்லை.”

யாரோ கைதட்டினார்கள். ஆனால் படம் முடிந்தபாடில்லை. தளபதியின் மனைவி தேம்பி அழுதாள்.

“ஆனந்தக் கண்ணீர்” என்றான்.

வீரர்கள் தொப்பியைக் கழற்றி, கொட்டும் பனியில் வரிசையாக நின்றார்கள்.

“தளபதிக்கு வரவேற்பு.”

“அப்ப அந்தப் பெட்டி என்ன தம்பி? எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு வருகினம்?” தவநாயகி விடவில்லை.

“அது... சனம் சேர்ந்து தளபதிக்குக் குடுக்கிற பரிசு, அக்கா.”

“நல்ல பாரம் போல. பியானோவோ?”

“ஓம் அக்கா, பியானோதான்.”

“ஆளைக் காணேல்லையே?”

“தண்ணியில நனைஞ்சவரெல்லோ” என்றான், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. “உள்ளுக்குப் படுத்திருக்கிறார்.”

விளக்கு எரிந்ததும் கைதட்டல் அடங்க நெடுநேரமானது. சனம் நம்பியதோ, நம்ப விரும்பியதோ, சிரித்த முகத்துடன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனது. “எங்கட ஆள் தப்பிட்டான்” என்று ஒருவர் வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சேகர் தூரத்தில் நின்று பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

கடைசியாகத் தவநாயகி வந்தார். கிறிஸ்துராஜாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சொன்னது விளங்கிய பிறகுதான், அது சுத்தமான ரஷ்ய மொழி என்பது அவனுக்கு உறைத்தது.

அவனைப் பார்த்துச் சிரித்தபடி அவர் தமிழுக்கு மாறினார். “லெனின்கிராட்டில டொக்டருக்குப் படிக்கேக்க இந்தப் படத்தை ஏழு தரம் பார்த்து, ஏழு தரமும் அழுதனான் தம்பி. இண்டைக்குத்தான் அந்த மனுசன் உயிரோட கரை சேர்ந்தவன்.”