முழுப்பாய்

"பெரிய பாயை இறக்குங்க."

கண்ணாடிக் கடைக்காரருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

சொன்னது அவர் மனைவி. சுக்கானைப் பிடித்திருந்ததும் அவள்தான். எந்தக் காற்றுக்கும் பாயைச் சுருக்காதவள் என்று துறைமுகமே அவளுக்கு வைத்த பெயர் 'முழுப்பாய்'. அந்தப் பெயரைச் சொன்னால் கடைத்தெருவில் அவருக்கே தனி மரியாதை.

படகுப் பந்தயம் முடிகிற இடத்தில் போட்டிருந்த ஆரஞ்சு மிதவை கண்ணுக்குத் தெரிந்தது. முன்னால் ஒரு படகும் இல்லை.

கோப்பை வைப்பதற்கு அலமாரியில் இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மனிதர் கிளம்பியிருந்தார். படகில் அவர் வேலை கயிறு இழுப்பது மட்டும்தான். இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் ஜெயிப்பது என்னவோ தானேதான் என்று ஒரு நினைப்பு.

மேற்கே வானம் கறுத்திருந்தது வாஸ்தவம். இடியும் மழையும் வருகிறது, பாயைக் குறைத்துக்கொண்டால் நல்லது என்று ரேடியோவில் சொன்னதும் வாஸ்தவம். பந்தயத்தின் நடுவில் அதையெல்லாம் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? மழை வந்து சேர்வதற்குள் மிதவையைத் தாண்டிவிடலாமே!

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? பின்னாடி வர்றது யாருன்னு பாத்தியா?"

பின்னால் வந்தது சிவப்புப் பாய் கட்டிய படகு. அவள் தங்கையின் படகு. அப்பா விட்டுப்போன அந்தப் பழைய படகு யாருக்கு என்று மூண்ட சண்டையில் சின்னவள் அதை வாங்கிக்கொண்டு போனாள். அத்தோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. நல்லது கெட்டதில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வேறு யாரிடம் தோற்றாலும் போய்த் தொலைகிறது, இவளிடமா?

"இறக்குங்கன்னா இறக்குங்க."

கரையிலென்றால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலாம். படகில் அவள் வைத்ததுதான் சட்டம். முணுமுணுத்துக்கொண்டே கயிற்றைத் தளர்த்தினார். அத்தனை பெரிய பாய் சரசரவென்று மடிந்து விழுந்தது. படகின் வேகம் அப்படியே செத்துப்போனது.

நீலப் படகுக்காரர்கள் முழுப் பாயோடு அவர்களைத் தாண்டிப் போனார்கள். இறக்குங்கள் இறக்குங்கள் என்று அவள் கையை ஆட்டிக் கத்திப் பார்த்தாள். அவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவள் முன்னால் திரும்பவே இல்லை. கழுத்தை ஒடித்துக்கொண்டு பின்பக்கமே பார்த்தபடி இருந்தாள். கறுத்த வானத்தைப் பார்த்து மிரண்டுவிட்டாள் என்று அவர் நினைத்தார். வயசாகிவிட்டது, வேறென்ன? அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சிவப்புப் பாயும் இறங்கியது.

அவளும் பயந்துவிட்டாளாக்கும். நல்ல குடும்பத்தில்தான் போய்ப் பெண் எடுத்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மனைவி நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மளமளவென்று சுக்கானைக் கட்டினாள். அவரைப் படகின் அறைக்குள் தள்ளினாள். மின்னலில் கெடாமலிருக்கக் கைப்பேசிகளைப் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினாள். பாய்மரத்துப் பக்கமும் போகக்கூடாது, கம்பி எதையும் தொடக்கூடாது என்று அறையின் நடுவே உட்கார வைத்தாள்.

உட்கார்ந்ததுதான் தாமதம், காற்று வந்து அறைந்தது.

படகு ஒரு பக்கமாகப் படுத்தது, நிமிர்ந்தது, மறுபடி படுத்தது. மின்னல் வெட்டும்போதெல்லாம் அந்தச் சின்ன அறை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. இடி உச்சந்தலைக்கு மேலேயே விழுந்தது. மேலே அந்தப் பாய் மட்டும் ஏறியிருந்தால் இந்தப் படகு நிமிர்ந்தே இருக்காது. அது அவருக்கும் தெரிந்தது, ஆனால் வாயைத் திறந்து சொல்வாரா?

வந்த வேகத்திலேயே மழை ஓய்ந்தது.

வெளியே வந்து பார்த்தால், நீலப் படகு பாய்மரம் முறிந்து கவிழ்ந்து கிடந்தது. உயிர்க்கவசத்தோடு மிதந்தவர்களை மீட்புப் படகு ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, ஒருவர் உயிருக்கும் சேதம் இல்லை.

நனைந்த கயிற்றின் சிக்கை அவர் எடுப்பதற்குள் சிவப்புப் பாய் விறுவிறுவென்று ஏறி, அவர்களைத் தாண்டி, மிதவையையும் தாண்டிவிட்டது.

கரையில் சின்னவள் கோப்பையும் கையுமாக மைக்கைப் பிடித்தாள். "முழுப்பாய் முழுப்பாய்னாங்க. சின்ன மேகத்துக்கே சுருண்டுபோச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கண்ணாடிக் கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால், எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவி. பெருமை தாங்காமல் முகமெல்லாம் பூரித்துக் கிடந்தது.

"சூடு சொரணை இருக்கா உனக்கு? அவ உன்னைத்தான் கேலி பண்றா."

"பண்ணட்டும்ங்க. மரத்துல ஏறினாக்கூட நான் இறங்கினாத்தான் அவ இறங்குவா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

கைதட்டுவதை அவள் நிறுத்தவில்லை.

அவர் மேடையைப் பார்த்தார். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள் சின்னவள்.

அவரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கைதட்ட ஆரம்பித்தார்.