முடியாத பாட்டுகள்

“அப்புறம் எப்படித்தான் ரெண்டு பாட்டைச் சேர்க்கிற, திரையையும் மூடிட்டு?”

“பழகின பாட்டு எங்க மூச்சு வாங்கும்னு தெரியும்ல. அங்க அடுத்ததை விட்டுடணும்.”

“கண்ணைக் கட்டிக்கிட்டு சைக்கிள் ஓட்டுற மாதிரிதான்,” என்றான் அதியன்.

பாட்டின் வேகத்தைக் காட்டும் எண்களைப் பார்க்கக் கூடாதென்று மிருணாளினி மடிக்கணினித் திரைமேல் துண்டைப் போட்டிருந்தாள். ஞாயிறன்று ஒரு திருமண வரவேற்பில் அவளுக்கு முதல் டிஜே வாய்ப்பு. ஒரு மாதமாக அந்த வீட்டில் எந்தப் பாட்டும் முடியவில்லை. கடைசி வரி வருமுன்பே இன்னொரு பாட்டு அடியிலிருந்து எழுந்து, முந்தையதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அவள் கணவன் அதியன், பயணத்துக்குக் கட்டி வைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். வேலை மாற்றலாகி மாலை ரயிலில் வேறு ஊருக்குப் போகிறான். பின்னாலேயே வந்துவிடுவாளா என்று அவளிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் அவன் தொண்டையைச் செருமுவது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் சரியாக அந்த இடத்தில் ஒலியைக் கூட்டிவிடுவாள்.

பாட்டு தளரத் தொடங்கியது. அவள் விரல் அடுத்ததைத் தேடி நகர்ந்தது. அதியன் எழுந்து வந்து அந்த விரல்மேல் கையை வைத்தான்.

“இது ஒண்ணையாவது முடிய விடேன், மிருணா.”