துளசி மாலையில் சாவி

டிக்கியை அறைந்து சாத்திய மறு நொடியே ராஜவேலுவுக்கு உறைத்தது, கையில் சாவி இல்லை.

"ஏலா, சாவியை உங்கிட்ட குடுத்தேனா?"

"எங்கிட்ட எங்க குடுத்தீங்க?" என்றாள் மனைவி ஏலவார்குழலி. "பட்டர் துளசி மாலை சுத்திக் குடுத்தாரு. பெருமாள் பாதத்துல வெச்ச சாவியைப் பாக்கெட்டுல போடக்கூடாதுன்னு, டிக்கியைத் திறந்துட்டு மறுபடி பிரசாதத் தட்டுலயே வெச்சீங்க."

தட்டு டிக்கிக்குள் இருந்தது. டிக்கி சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். மற்ற நான்கு கதவுகளையும் பத்து நிமிடத்துக்கு முன்னால்தான், சந்நிதித் தெருவே திரும்பிப் பார்க்கட்டும் என்று, ரிமோட்டை மூன்று தரம் அழுத்திப் பூட்டியிருந்தார். கார் வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது.

"இன்னொரு சாவி இருக்குதில்ல?"

"இருக்குது."

"எங்க?"

"கார்லதான். டேஷ்போர்டுக்குள்ள. பத்திரமா இருக்கட்டும்னு."

ஏலவார்குழலி கண்ணாடியில் முகத்தை வைத்து டேஷ்போர்டை எட்டிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

தட்டோடு தாய்மாமன் சேலையும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. பத்தரைக்குத் திருப்புட்குழியில் அக்கா மகளுக்கு முகூர்த்தம். இப்போதே மணி ஒன்பதரை. பட்டுக்கடை வைத்திருக்கிற தம்பி, மாமன் சேலை இல்லாமல் கைவீசிக்கொண்டு வந்தான் என்று அக்கா சாகிறவரைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

பூட்டு விஷயத்தில் ராஜவேலுவை யாரும் குறை சொல்லிவிட முடியாது. அவர் கடையில் வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். போன வாரம் சேலை மடிக்கிற ஏஞ்சல், "பன்னண்டு வருசமா இங்கதான் இருக்கறேன், இன்னுமா சார்?" என்று கேட்டபோதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"இதுல கோவிச்சுக்க என்னம்மா இருக்குது? பை சுத்தமா இருந்தா திறந்து காட்ட வேண்டியதுதானே."

பூக்காரி பட்டம்மாள்தான் வழி சொன்னாள். "ஜான்சனைக் கூப்புடு சார். எந்த வண்டியா இருந்தாலும் ரெண்டே நிமிசம்."

அந்த ரெண்டே நிமிடம்தான் ராஜவேலுவுக்குப் பிடிக்கவில்லை. பூட்டின காரை ரெண்டு நிமிடத்தில் திறக்கிறவன் எத்தனை நாளைக்கு யோக்கியனாக இருப்பான்? ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது. செல்போனை எடுத்து, பட்டம்மாள் சொன்ன நம்பரை அழுத்தி, ரெண்டு சாவியும் வண்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டதைச் சொன்னார்.

ஜான்சன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கினான். ராஜவேலுவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். காருக்கு மாலையும் சந்தனமும் இருந்ததைக் கண்டு செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டான்.

"ஆர்.சி. புக் இருக்குதா சார்?"

"வண்டிக்குள்ள இருக்குது."

"இது உங்க வண்டிதான்னு சொல்ல யாராச்சும் இருக்காங்களா?"

ராஜவேலுவுக்குச் சுருக்கென்றது. "இன்னாப்பா, என்னைப் பாத்தா கார் திருடன் மாதிரி இருக்குதா?"

"இல்ல சார். எல்லாரையும் கேக்கறதுதான்."

"அவரு வண்டிதான்பா, நான்தான் மாலை கட்டினேன்" என்று பட்டம்மாள் சாட்சி சொன்ன பிறகே பையைத் திறந்தான். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் இரும்பு ஸ்கேலை மெல்ல இறக்கினான். ராஜவேலு அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்று கண் கொட்டாமல் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'டக்' என்றது. கதவு திறந்ததுமே அலாரம் அலற ஆரம்பித்தது.

ஜான்சன் நாலடி பின்னால் போய் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"உள்ள நான் கை வெக்க மாட்டேன் சார். டிக்கி லிவரை நீங்களே இழுங்க."

அந்த அலறலில் டேஷ்போர்டிலிருந்த சாவி ராஜவேலுவுக்கு நினைவுக்கே வரவில்லை; தலையை உள்ளே நுழைத்து லிவரைத் தேடினார். புது வண்டி, எது எங்கே என்று சட்டென்று பிடிபடவில்லை. வெளியே தெருவே கூடிவிட்டது. கோயில் வாசலிலிருந்த போலீஸ்காரர் லத்தியோடு வந்தார்.

"யாரு வண்டிய்யா இது?"

"என் வண்டிதான் சார். என் வண்டிதான்." கேட்டவருக்கு மட்டுமல்ல, சும்மா நின்றவர்களுக்கும் சேர்த்துச் சொன்னார். சொந்தக் காருக்குள் குனிந்ததற்கு ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஒருவழியாக டிக்கி திறந்தது. துளசி மாலைக்குள்ளிருந்து சாவியை எடுத்து அழுத்தியதும் அலாரம் அடங்கியது. சேலைப் பெட்டியும் பத்திரமாக இருந்தது.

"சாவி கையில இருக்குதான்னு பாத்துட்டு அப்புறம் டிக்கியைச் சாத்துங்க சார்" என்றான் ஜான்சன். "இன்னொரு சாவியை வீட்டுல வைங்க. கார்ல வெச்சா அதுவும் ஒரு சாமான்தான்."

ராஜவேலுவுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. அவன் தோளைத் தட்டினார்.

"மொதல்ல உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்பா. நீ நெனச்சா இந்த ஊர்ல எந்த வண்டியைத் திறக்க முடியாது? ஆனா என் வண்டிக்குள்ள விரல்கூட வெக்கல. உன்னை நம்பி என் கடைச் சாவியையே குடுக்கலாம்."

ஜான்சன் சிரித்தான். தன் பையை எடுத்து, டிக்கி விளிம்பில் வைத்து, உள்ளேயிருந்த ஒவ்வொன்றையும் வெளியே எடுத்தான். ஸ்கேல், ஸ்குரு டிரைவர், ரப்பர் துண்டு. சாப்பாட்டு டப்பாவின் மூடியைக்கூடத் திறந்து வைத்தான்.

"என்னப்பா பண்ற?"

"பாத்துக்குங்க சார். பை சுத்தமா இருந்தா திறந்து காட்ட வேண்டியதுதானே."

எங்கோ கேட்ட வார்த்தை மாதிரி இருந்தது. எங்கே என்று ராஜவேலுவுக்கு நினைவு வருவதற்குள் ஏலவார்குழலி கேட்டுவிட்டாள்.

"நீ யாருப்பா?"

"ஏஞ்சலோட வீட்டுக்காரன்மா."