சலவைக்கூடத்துச் சந்தேகம்

"அக்கா, ஒரு டவுட்டு."

மூன்றாவது வார்டு உதவியாளர் சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கக்கூட இல்லை. அதற்குள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவள் தாளும் கையுமாக வந்து நின்றாள். தினமும் இதே பாட்டுதான். அதனால் அவளுக்கு 'டவுட்டு' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

"நாற்பது பேர் இருக்கற வகுப்புல பதினஞ்சு சதவீதம் பேர் வரலைன்னா, வந்தவங்க எத்தனை பேருக்கா?"

அக்காவுக்குப் பகீரென்றது. சதவீதம் என்றாலே அவளுக்கு ஆகாது.

"நாளைக்குச் சொல்றேன். இப்போ பசிக்குது."

நர்சிங் படிப்பில் சேர வேண்டுமானால் கல்லூரி வைக்கும் திறனறித் தேர்வில் தேற வேண்டும். வாசிப்பு, எழுத்து, கணக்கு. போன வருஷம் அக்கா அதை எழுதித் தோற்றாள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, "எழுதவே போகலை" என்று எல்லாரிடமும் சாதித்துவிட்டாள். இந்த வருஷமும் போனால் வயசு வரம்பு தாண்டிவிடும். யாரிடமும் எதுவும் கேட்காமல், வேலைக்கு நடுவே துண்டுத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில், தானும் அதே தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டு டவுட்டு வேறு.

"ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டு நீ கோட்டை விடப்போறே," என்றான் புருஷன்.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குதே."

வேறு வழியில்லாமல் புத்தகத்தைப் பிரித்தாள். மறுநாள் வாத்தியாரம்மா தோரணையில் ஆரம்பித்தாள்.

"பத்து சதவீதம் நாலு பேர். அதுல பாதி ரெண்டு. ஆக ஆறு பேர் வரலை. வந்தது முப்பத்தி நாலு."

"அட, இவ்வளவுதானா?" என்றாள் டவுட்டு. அடுத்த நாள் பின்னத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த நாள், ஒரு பத்தியின் மையக்கருத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. ஆறு வாரம் இப்படியே ஓடியது.

தேர்வு நாளன்று டவுட்டு வரவில்லை.

'இத்தனை நாள் என் உயிரை வாங்கிட்டு, எழுத வரலை பாரு,' என்று பொருமிக்கொண்டே வினாத்தாளைப் பிரித்தாள் அக்கா. எல்லாமே டவுட்டுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்காக இருந்தது. மளமளவென்று எழுதினாள்.

தேறிவிட்டாள். முடிவு தெரிந்ததும் சலவைக்கூடத்துக்கு ஓடினாள். சந்தோஷம் பாதி, கோபம் பாதி.

"அடுத்த தடவையாவது ஒழுங்கா வந்து எழுது. நானே உக்காந்து சொல்லித் தரேன்."

சூப்பர்வைசர் சிரித்துவிட்டார். "இவளுக்கா? இவ போன வருஷமே தேறிட்டாளேம்மா. சாயங்கால வகுப்புக்குப் போயிட்டிருக்கா."

அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அப்புறம் ஏன்டி என்கிட்ட வந்து கேட்டே?"

"சொல்லித் தரேன்னு வந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களாக்கா?"

அக்காவுக்குக் கண் கலங்கியது.

"எனக்கு இதெல்லாம் வராதுன்னு உனக்கு யார் சொன்னா?"

டவுட்டு அழுக்குத் துணிக் கூடையிலிருந்து வார்டு கோட்டு ஒன்றை எடுத்தாள்.

"யாரும் சொல்லலைக்கா. துவைக்கப் போடறதுக்கு முன்னாடி பாக்கெட்டைக் காலி பண்றது என் வேலை. நீங்க தப்பாப் போட்ட கணக்கெல்லாம் உங்க கோட்டுலதான் இருந்துச்சு."