இன்னும் மூணு பிளாப்பி

“வில்மர், அடுத்த பிளாப்பி குடு.”

வில்மர் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் மனைவி ஹில்டா அதைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு வெளியே எடுத்து, ‘டெரன்’ என்று சீட்டில் எழுதி ஒட்டினார்.

ஆறு கரையை உடைத்து, வயல்களையெல்லாம் விழுங்கிவிட்டு வாசற்படிக்கே வந்துவிட்டது. கனடாவின் மேனிடோபா மாகாணத்தில், அந்தக் கிராமச் சாலையில் இன்னும் காலி செய்யாத வீடு இது ஒன்றுதான்.

வெளியே படகின் மோட்டார் சத்தம் அடங்கியது. இடுப்புவரை நனைந்த ஓர் இளம் ராணுவ வீரர் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், எத்தனை தடவைதான் ஆள் அனுப்புறது? வீட்டைச் சுத்தி அடுக்கின மணல் மூட்டையெல்லாம் சரிய ஆரம்பிச்சாச்சு. கிளம்புங்க.”

“இன்னும் மூணுதான் தம்பி,” என்றார் ஹில்டா, திரும்பிப் பார்க்காமலே. “எம்பையன் டெரன் எழுதினது பூராவும் இதுலதான் இருக்கு. கடுதாசி, கதை, என்னைக் கிண்டல் பண்ணி எழுதின பாட்டு. அறுப்பு நேரத்துல டிராக்டர் கவுந்து எங்களை விட்டுப் போயிட்டான். ‘எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்து வைக்கணும்மா’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நான்தான், முதல்ல சாப்பிட வாடான்னு கூப்பிட்டுடுவேன்.”

“உயிரோட இருந்தாத்தானேம்மா...”

“இருந்து?”

வில்மர் வீரரின் தோளைத் தொட்டுச் சமையலறைக்கு அழைத்துப் போனார்.

“அவளைத் தூக்கிட்டுப் போகலாம்னு மட்டும் நினைக்காதீங்க. நேத்து வந்தவங்க இழுத்துப் பாத்தாங்க. மேசைக்காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. விரலைப் பிரிக்க முடியல. அதை முடிச்சாத்தான் எழுந்திருப்பா.”

“அப்ப கம்ப்யூட்டரையே படகுல ஏத்திடலாமே சார். நானே தூக்கிட்டு வர்றேன். வின்னிபெக் டவுனுக்குப் போய் உக்காந்து நிதானமா காப்பி எடுக்கட்டும்.”

வில்மர் அறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அது பேஸ்மெண்ட்ல தண்ணிக்குள்ள முங்கிக் கிடந்துச்சு தம்பி. அவ அழுகை தாங்காம நான்தான் மேல கொண்டு வந்து வச்சேன். இந்தச் சாலைக்கே கரண்ட் போய் மூணு நாளாச்சு.”